கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் பக்கம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் இங்கேதான். ஊர் நடுவே அருணாசலேஸ்வரர் கோயிலின் ராஜகோபுரத்தில் கிளம்பியவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது பாதி தூரம் நடந்திருப்பார்கள். கால் ஓய்ந்திருக்கும், தொண்டை வறண்டிருக்கும். ஊரின் சிறு வியாபாரம் அந்தக் களைப்பை நம்பி நடக்கிறது. சுக்கு காபி, இளநீர், சுண்டல், கற்பூரம், அகல் விளக்கு, ருத்ராட்சம். பௌர்ணமி இரவும் கார்த்திகை தீபமும் கைகொடுத்தால்தான் மற்ற நாட்கள் ஓடும். தீபம் முடிந்தால் மாசி வரை வெளிநாட்டவரின் காலம். மாடியில் இரண்டு அறை எடுத்துக் கட்டி வாடகைக்கு விடுபவர், சிறு உணவுக்கடை நடத்துபவர், தையல்காரர், ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர் எல்லோரும் அந்தச் சில மாதங்களை எதிர்பார்த்தே கடன் வாங்குகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் தங்களைத் தொழில்முனைவோர் என்று சொல்லிக்கொள்வதில்லை. கடை வைத்திருக்கிறேன், ரூம் விடுகிறேன் என்பார்கள். ஆனால் சொந்தப் பணத்தையோ கடன் பணத்தையோ முதலாகப் போட்டு, நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்று, ஆள் வைத்து, முன்பின் தெரியாதவரிடம் விற்கிற எவரும் தொழில்முனைவோர்தான். அப்படிப்பட்டவருக்கு மென்திறன் வேண்டும், தன்னறிவு வேண்டும் என்று இன்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கேட்கத் தெரிவது, பேசத் தெரிவது, கோபத்தை அடக்குவது, ஆளைக் கணிப்பது, தன் பலமும் பலவீனமும் அறிவது என்று பட்டியல் நீள்கிறது. இது உண்மையிலேயே பலன் தருகிறதா? தருமென்றால் எந்த வடிவில், யார் சொல்லிக்கொடுத்து? கடந்த 60 ஆண்டுகளில் கிடைத்திருக்கும் சான்றுகளையும் நம்மிடையே வாழ்ந்து காட்டிய சிலரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னறிவு தொழிலுக்குப் பலன் தருகிறது. அந்தத் தன்னறிவு பெரும்பாலும் அடுத்தவர் வாயிலிருந்தே வருகிறது. நாம் நடத்தும் வகுப்புகளோ அந்த அடுத்தவரை உள்ளே விடுவதில்லை.

இந்த ஊரில் தன்னை அறிதல் என்று சொன்னால் யாருக்கும் முதலில் நினைவு வருவது ரமணர். 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுச் சிறுவனாகத் திருவண்ணாமலை வந்து இறங்கியவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை ஊரை விட்டு நீங்கவில்லை. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2001-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தேர்ந்த தொழில்முனைவோர் இலக்கை வைத்துத் தொடங்குவதில்லை, கையில் இருப்பதை வைத்தே தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. அவர்கள் தங்களிடம் கேட்டுக்கொள்ளும் முதல் மூன்று கேள்விகள்: நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும்.

இரண்டு கேள்விகளும் ஒன்றே என்று பேசிக் கைதட்டல் வாங்குவது எளிது. அவை ஒன்றல்ல. ரமணரின் கேள்வி, கேட்கிறவனின் ‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று தேடி, அந்த எண்ணமே கரையும்வரை போகிறது. சரஸ்வதியின் கேள்வி கையிருப்பைக் கணக்கெடுக்கிறது. தையல் தெரியும், பிரெஞ்சு நாலு வார்த்தை தெரியும், மாமா வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்ற கணக்கு அது. ரமணரின் விசாரணை வியாபாரத்தைப் பெருக்கும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்ட இல்லறத்தாரிடம், வேலை தடையில்லை என்றே பெரும்பாலும் சொன்னார். அவரே விடியுமுன் ஆசிரமச் சமையல்கூடத்தில் காய் நறுக்கினார், அச்சுப்பிழை திருத்தினார், வந்த உறைகளின் காலிப்பக்கத்தைக் கூட வீணாக்கவில்லை. தனக்கென்று தனியாக எதுவும் பரிமாறக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். தொழில் செய்பவர் அவரிடம் கற்க நினைத்தால் அந்தச் சமையல்கூடத்தில் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

தியானம் செய்தால் தொழிலில் சுறுசுறுப்பு வரும் என்று விற்கப்படும் பயிற்சிகளுக்கும் ஒரு சொல். ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக், கேத்லீன் வோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட சோதனைகளில், சிறிது நேரம் மனக்கவன தியானம் செய்தவர்களுக்கு அடுத்து வந்த வேலையில் ஈடுபடும் உந்துதல் குறைந்தது. வேலையின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அமைதி தேடுகிறவருக்கு அமைதி கிடைக்கும். லாபம் தேடுகிறவர் வேறு எதையோ சேர்த்துச் செய்தாக வேண்டும்.

அந்த ‘வேறு ஏதோ’ என்பது என்ன? நான் பணத்தை எண்ணும்போது எப்படி இருக்கிறேன், பாக்கி கேட்கப் போகும்போது குரல் எப்படி மாறுகிறது, வேலைக்கு இருக்கும் பையன் தட்டை உடைத்தால் வாயில் என்ன வருகிறது என்பதை அறிவது. ஆன்ம விசாரணையோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்த படிதான். ஆனால் இந்தப் படியிலேயே நம்மில் பெரும்பாலோர் தவறுகிறோம். 1988-ல் ஆர்னால்ட் கூப்பரும் சகாக்களும் அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம், உங்கள் தொழில் வெற்றிபெற எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டார்கள். 81 சதவீதத்தினர் பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றார்கள். 33 சதவீதத்தினர் பத்துக்குப் பத்து என்றார்கள். உளவியலாளர் டாஷா யூரிச் சுமார் 5,000 பேரை வைத்து நடத்திய ஆய்வுகளில், தங்களுக்குத் தன்னறிவு உண்டு என்று பெரும்பாலோர் நம்பினாலும் உண்மையில் அது இருந்தது 10 முதல் 15 சதவீதத்தினரிடம்தான். அவர் தன்னறிவை இரண்டாகப் பிரிக்கிறார். என் விருப்பம், என் மதிப்பு, என் மனநிலை எனக்குத் தெரிவது ஒன்று. பிறர் என்னை எப்படிக் காண்கிறார்கள் என்று எனக்குத் தெரிவது இன்னொன்று. முதலாவது நிறைய இருந்து இரண்டாவது கொஞ்சமும் இல்லாதவர்கள் ஏராளம். கடைக்காரருக்கு அதிகம் வேண்டியது இரண்டாவது.

மென்திறன் என்ற எண்ணம் ஒரு பயிற்சி வகையாக உருவானது அமெரிக்க ராணுவத்தில். எந்திரத்தைக் கையாளும் திறனுக்குப் பாடம் எழுதத் தெரிந்தவர்கள், மனிதரைக் கையாளும் திறனுக்கு எப்படிப் பாடம் எழுதுவது என்று 1972-ல் ஒரு மாநாட்டில் விவாதித்தார்கள். 1990-ல் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் உணர்வு நுண்ணறிவைப் பற்றி எழுத, 1995-ல் டேனியல் கோல்மன் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். தமிழ்நாட்டுக்கு இது வந்த வழி மென்பொருள் நிறுவனங்களின் வேலைவாய்ப்பு முகாம்கள். அதனால் இங்கே மென்திறன் வகுப்பு என்றாலே ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, நேர்காணலில் நிமிர்ந்து உட்காருவது, குழு விவாதத்தில் குரல் கொடுப்பது என்றாகிவிட்டது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வரை இதன் முதன்மை நோக்கம் மாணவரை வேலைக்குத் தயாராக்குவதே. அந்த நோக்கத்தில் குறையில்லை. ஆனால் வேலை தேடுகிறவர் ஒரு மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்கினால் போதும். தொழில் செய்பவரோ ஒரே நாளில் வாடிக்கையாளர், கடன் கொடுத்தவர், கூலி ஆள், வீட்டார் என்று நான்கு பேரிடம் நான்கு விதமாக நேர்மையாக இருந்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பாடம் பொருந்தாது.

ஆங்கிலமும் மிடுக்கும் இல்லாமல் மென்திறன் உண்டு என்பதற்குக் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் போதும். மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கியவர். தான் செய்த நாப்கின்களைக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துப் படிவம் நிரப்பச் சொன்னார். படிவங்களைச் சிலரே உட்கார்ந்து எல்லோருக்குமாக நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டபிறகு, கால்பந்தின் ரப்பர் பையில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் உடலிலேயே கட்டிச் சோதித்தார். ஊர் சிரித்தது, மனைவியும் தாயும் சிலகாலம் பிரிந்து போனார்கள். கிடைத்த பதில் பொய் என்று ஒப்புக்கொள்ளும் துணிவுதான் அவர் காட்டிய திறன். எந்திரத்தைப் பெரிய நிறுவனத்துக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுத்ததும் தான் யாருக்காக இதைத் தொடங்கினோம் என்ற தெளிவில் வந்தது. 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

வகுப்பறை வருவதற்கு முன்பே தமிழரிடம் இதற்கு ஒரு பள்ளி இருந்தது. நகரத்தார் பிள்ளைகள் 10, 12 வயதில் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்காருவார்கள். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் மூன்றாண்டுத் தவணையில் போய், கணக்கு முடித்துத் திரும்புவார்கள். அங்கே அவர்கள் வாழ்ந்தது கிட்டங்கியில். பல கடைகளின் மேலாட்கள் ஒரே கூரையின் கீழ், ஆளுக்கொரு பெட்டியும் கணக்குப்பிள்ளை மேசையும் வைத்து, ஒரே சமையலில் சாப்பிட்டு, வட்டி விகிதத்தைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் சொன்ன சொல் தவறினார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். தன்னைப் பற்றித் தவறாக எண்ணிக்கொள்ள அங்கே இடம் குறைவு. வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. உடன் இருப்பவர்களின் கண்ணே பயிற்சி.

இந்தப் பள்ளிக்கு இருந்த குறையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கேள்விக்கு அதுதான் முக்கியம். கிட்டங்கி அவர்களுக்கு ஒருவரையொருவர் காட்டியது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியின் கண்ணில் அவர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்பதைக் காட்டவில்லை. 1930-ல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்து கடன்கள் மூழ்கியதில் 1930-களின் இறுதிக்குள் அது 25 சதவீதம் ஆயிற்று. நிலம் அவர்கள் விரும்பித் தேடியது அல்ல, பணமாகத் திரும்பாத கடனுக்கு ஈடாக வந்தது. ஆனாலும் மண்ணை இழந்தவன் பார்த்தது மண் போனதை மட்டும்தான். அந்தக் கசப்பின் விலையைப் பிறகு பர்மாவிலிருந்த எல்லா இந்தியரும் கொடுத்தார்கள். தன் இனத்தார் மத்தியில் நற்பெயர் இருப்பதைத் தன்னறிவு என்று எண்ணிவிடக் கூடாது. நமக்குக் கீழே இருப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதே கடைசிவரை நம் காதுக்கு வராத செய்தி.

பயிற்சியால் தொழில்முனைவோரை மாற்ற முடியுமா என்று முறையாகச் சோதித்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெல்லண்ட் 1964-65-ல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு ஐதராபாத்தில் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் சாதனை உந்துதல் பயிற்சி அளித்தார். தன் இலக்கைத் தானே வைத்தல், அளவோடு துணிதல், செய்ததன் விளைவை உடனுக்குடன் அறிதல் ஆகியவையே பாடம். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கினார்கள், முதல் போட்டார்கள், ஆள் சேர்த்தார்கள் என்று 1969-ல் அவரும் டேவிட் வின்டரும் எழுதினார்கள். சாதியும் சடங்கும் நம்பிக்கையும் இந்திய வியாபாரியை முடக்குகின்றன என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டதை இந்தச் சோதனை ஆதரிக்கவில்லை.

அதைவிட உறுதியான சான்று 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில், தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை 500 பேராக மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வியாபாரப் பயிற்சி: கணக்கு எழுதுவது, விற்பனை, பண நிர்வாகம். இரண்டாவது குழுவுக்குச் சுயமுனைப்புப் பயிற்சி: பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்யாமல் தானே தேடுவது, தடை வருமுன் யோசிப்பது, விழுந்தால் திரும்ப முயல்வது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில் சுயமுனைப்புக் குழுவின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் 11 சதவீதம் தற்செயலா உண்மையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவு. பெண்களிடம் வேறுபாடு இன்னும் கூர்மை: 40 சதவீதத்துக்கு எதிராக 5. பயிற்சிக்கான செலவு ஒரே ஆண்டில் லாபமாகத் திரும்பிவிட்டது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விவரம். வகுப்பு 36 மணி நேரம்தான். அது முடிந்தபின் நான்கு மாதங்களுக்கு, மாதம் ஒருமுறை, பயிற்றுநர் கடைக்கே வந்து உட்கார்ந்தார்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. ஜமைக்காவில் இதே போன்ற பயிற்சியைச் சோதித்தபோது மூன்று மாதத்தில் ஆண்களின் விற்பனையும் லாபமும் கூடின; ஓராண்டில் அந்தப் பலன் மங்கிவிட்டது. வியாபாரப் பாடத்தையும் மென்திறனையும் கலந்து கொடுத்த குழுவுக்குப் பலனே தெரியவில்லை. இரண்டையும் பாதிபாதியாகக் கலந்தால் இரண்டும் வரும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு நேர மேலாண்மை, பேச்சுத்திறன், சிக்கல் தீர்த்தல் கற்பித்து ஆராய்ந்த அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, ஆனந்த் நியாஷதம் ஆகியோர், நிறுவனம் போட்ட பணத்துக்குச் சில மாதங்களிலேயே சுமார் இரண்டரை மடங்கு நிகர லாபம் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் அந்தப் பெண்களின் கூலி மிகமிகச் சிறிதளவே உயர்ந்தது. மென்திறனின் பலன் யார் பைக்குப் போகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எண்களை விட்டு ஒரு வாழ்க்கைக்கு வருவோம். தன்னறிவும் தொழிலும் ஒன்றாகப் பின்னிய உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்தவரை டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கி 1948-ல் விலக நேர்ந்தது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டு, கண் மருத்துவம் படித்து, அந்த வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்தார் நகையை அடகு வைத்தார்கள். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றார்கள். காசு கொடுப்பவரின் பணத்தில் காசில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பதே கணக்கு; பாதிக்கு மேற்பட்டோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்தும் மருத்துவமனை தன் வருவாயிலேயே வளர்ந்தது.

அவர் நாட்குறிப்பு எழுதுகிறவர். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் பிடிப்பில், பல பத்தாண்டுகள் தன்னையே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். எங்கே என் ஆணவம் குறுக்கே வருகிறது, எதில் பற்று வைத்திருக்கிறேன் என்ற வகைக் கேள்விகள். 2011-ல் பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் எழுதிய நூல் இந்தக் குறிப்புகளைப் பரவலாக அறியச் செய்தது. ஆனால் நாட்குறிப்பு மட்டும் அரவிந்தைக் கட்டவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் கிராம முகாம்களில் பார்த்து, அறுவை இலவசம் என்று சொல்லிய பிறகும் பலர் வரவில்லை. இலவசமாகக் கொடுத்தும் வராதவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எந்த நல்லவருக்கும் எளிது. அரவிந்த் குழுவினர் ஏன் என்று போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, தங்கினால் சாப்பாடு யார் போடுவது, கூட வர ஆளில்லை, கண்ணில் கத்தி வைக்கப் பயம் என்று பதில்கள் வந்தன. அதன்பின் முகாமிலிருந்து வண்டியில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு வந்தது. நோயாளியோடு பேசிச் செலவையும் சிகிச்சையையும் விளக்குவதற்கென்றே ஆலோசகர்களை வைத்தார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை, மதிப்பெண்ணைவிடக் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக்கினார்கள். இன்று அரவிந்தின் பெரும்பகுதி வேலை அந்தப் பெண்களின் கையில் நடக்கிறது. நாட்குறிப்பில் தன்னைக் கேட்ட கேள்வியும் முகாமில் ஏழையிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. ஒன்றை விட்டு மற்றதைச் செய்திருந்தால் அரவிந்த் ஒரு நல்ல மனிதரின் சிறு மருத்துவமனையாக நின்றிருக்கும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு கதை உண்டு, வலிக்கும் கதை. தூத்துக்குடிப் பக்கம் புன்னையடியில் பிறந்த பி. ராஜகோபால் 1981-ல் சென்னை கே.கே. நகரில் சரவணபவனைத் தொடங்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். சுத்தம், சுவை, வாடிக்கையாளரிடம் பணிவு ஆகியவற்றில் தமிழ்நாட்டு ஓட்டல்களுக்கு அவர் புது அளவுகோல் வைத்தார். பணியாளர்களுக்குத் தங்குமிடம், மருத்துவம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி. அவர்கள் அவரை அண்ணாச்சி என்று பக்தியோடு அழைத்தார்கள். மென்திறன் பாடப்புத்தகம் கேட்பது எல்லாம் அவரிடம் இருந்தது. ஆனால் ஒரு பெண்ணை மணந்தே தீருவது என்ற வெறியில், 2001-ல் அவளுடைய கணவனான இளைஞர் கொல்லப்பட்ட வழக்கில் அவர் குற்றவாளி என்று 2004-ல் தீர்ப்பானது. 2009-ல் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஜூலையில் அவர் இறந்தார். பிறரை நெகிழவைக்கத் தெரிவதும் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள். முதலாவது வளர்ந்து இரண்டாவது வளராவிட்டால், சுற்றியிருப்பவர் யாரும் ‘வேண்டாம், அண்ணாச்சி’ என்று சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது. அந்த நிலையைத்தான் தொழில் செய்பவர் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டும்.

தொழில் பெருகும்போது தன் இடத்தை மாற்றிக்கொள்ளத் தெரிவதும் தன்னறிவே. அமெரிக்காவில் 212 புதுநிறுவனங்களை ஆராய்ந்த நோவம் வாசர்மன், மூன்றாம் ஆண்டுக்குள் பாதி நிறுவனர்கள் தலைமைப் பொறுப்பில் இல்லை என்று கண்டார். பெரும்பாலோர் விரும்பி விலகியதில்லை. 2025 ஜனவரியில் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானியாக அமர்ந்தார். அவர் முடிவு எப்படி விளையும் என்பதைக் காலம் சொல்லட்டும். தானே எடுத்த முடிவு என்பதில் மதிப்பு இருக்கிறது.

இத்தனையையும் கிரிவலப் பாதைக்குப் பொருத்திப் பார்த்தால் சில வேலைகள் தெளிவாகத் தெரிகின்றன. பௌர்ணமி இரவில் ஒரே வரிசையில் அடுத்தடுத்துப் பல கடைகள் ஒரே சுக்கு காபியை விற்கின்றன. செருப்பில்லாமல் நடந்து வரும் வயதானவர் உட்கார இடம் தேடுகிறார். குழந்தையோடு வருபவர் பால் சுடவைக்க, துணி மாற்ற ஒரு மறைவு தேடுகிறார். ‘சாமி, வாங்க’ என்று கூப்பிடும் வேகத்தில் அந்தத் தேடல் கண்ணில் படுவதில்லை. லோமேயின் பயிற்றுநர் இங்கே வந்து உட்கார்ந்தால் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான். அறை வாடகைக்கு விடுபவரின் நிலை வேறு. வந்து தங்கிய வெளிநாட்டவர் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. சிரித்துக்கொண்டே போய், இணையத்தில் நான்கு வரி எழுதிவிடுகிறார். அதைப் படித்ததும் பொங்கி எழுந்து பதில் எழுதுவது இயல்பு. ஒரு நாள் பொறுத்து, இதே குறையை இதற்கு முன் வேறு யாராவது சொன்னார்களா என்று பார்ப்பதே பயிற்சி.

பணநெருக்கடி வேளைதான் உண்மையான சோதனை. காலையில் தண்டல்காரர் வந்து நின்றுவிட்டுப் போனால் அந்தச் சூடு அடுத்து வரும் வாடிக்கையாளர் மீதோ உதவிக்கு நிற்கும் மனைவி மீதோ இறங்குகிறது. எந்த நேரத்தில், எதற்குப் பிறகு, யார் மேல் கோபம் பாய்கிறது என்பதைக் கல்லா நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதம் குறித்து வைத்தாலே ஒரு வடிவம் தெரியும். இதற்கு எந்தப் பயிற்றுநரும் தேவையில்லை. மனம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமில்லாமல் பேசலாம். தொழில் செய்பவர்களிடம் இந்த எண் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மென்திறன் பேச்சு சில சமயம் எல்லாப் பழியையும் தனிமனிதர் தலையில் போடுகிறது. கடை போட உரிமையான இடமில்லாதவரிடம், வட்டிக்கு வாங்கி முதல் போடுபவரிடம், பெண் என்பதால் இரவுக் கடையில் தனியாக உட்கார முடியாதவரிடம், உன் அணுகுமுறையை மாற்று என்று சொல்வது அநியாயம். 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டமும், 2020-ல் 10,000 ரூபாய் முதற்கடனோடு தொடங்கிய கடன் திட்டமும், 1989-ல் தர்மபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களும் செய்யும் வேலையை எந்த மென்திறனும் செய்ய முடியாது. அதேபோல, இவை எல்லாம் கிடைத்த பிறகும் ஒரு கடை தேய்வதைப் பார்க்கிறோம். அங்கேதான் நம் பாடம் தொடங்க வேண்டும். சுயஉதவிக் குழுவில் வாரந்தோறும் சேமிப்பும் தவணையும் பேசுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம், ஒருவர் தன் தொழிலைச் சொல்ல மற்றவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் கிட்டங்கியின் நல்ல பாதி திரும்பக் கிடைத்துவிடும். அதில் வாடிக்கையாளர் ஒருவரையும் வேலைக்கு நிற்கும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் கிட்டங்கியில் விடுபட்ட பாதியும் வந்து சேரும்.

திருவண்ணாமலை மாவட்டத் தொழில் மையத்துக்கும், சென்னையிலிருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்துக்கும், பயிற்சி நடத்தும் தொண்டு அமைப்புகளுக்கும் என் வேண்டுகோள் இது. மானியக் கடனுக்கு முன் கட்டாயமாகக் கொடுக்கும் பயிற்சியில் சில வகுப்பு நாட்களைக் குறையுங்கள். அந்த நாட்களைக் கடை திறந்த பிறகு மாதம் ஒருமுறை நேரில் வந்து உட்காரும் நாட்களாக மாற்றுங்கள். வருபவர் விரிவுரை நடத்த வேண்டாம். ஒரு மணி நேரம் வியாபாரத்தைப் பார்த்து, கண்டதை முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனால் போதும். இதைப் படிக்கும் தொழில் செய்பவர்களிடம் கேட்பது அதைவிட எளிது. உங்களிடம் சம்பளம் வாங்கும் ஒருவரிடம் இந்த வாரம் உங்களைப் பற்றி ஒரு குறை கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.